கன்ஸ்டன் ஹால்: முன்வாசலும் பார்ப்போம், பின்பக்கமும் பார்ப்போம்

கோடை விடுமுறை வந்தால் நம் வீடுகளில் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். அப்பா அம்மா, மாமனார் மாமியார், சித்தி பிள்ளைகள். வந்தவர்களை வாஷிங்டன் நகருக்கு அழைத்துப் போவது நம் சபைக் குடும்பங்களில் எழுதாத சட்டம். வெள்ளை மாளிகை வேலிக்கு முன் ஒரு படம், லிங்கன் நினைவகப் படிகளில் ஒரு படம், நேரம் இருந்தால் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால், போடோமாக் ஆற்றை ஒட்டி மேசன் நெக் என்ற இடத்தில் கன்ஸ்டன் ஹால் என்ற பழைய வீடு இருக்கிறது. அதற்குள் போய்வந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. இந்த வருஷ வாலிபர் ஐக்கியச் சுற்றுலாவுக்கு நாங்கள் அந்த வீட்டைத்தான் தெரிந்தெடுத்தோம்.

தேதியை அறிவித்த வாரமே இரண்டு விதமான பேச்சு வந்தது. "அமெரிக்காவின் சுதந்தர வரலாறு பிள்ளைகளுக்குத் தெரியட்டும், நல்லதுதான். ஆனால் அடிமைத்தனம் பற்றிய பகுதிக்கெல்லாம் எதற்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? சின்னப் பிள்ளைகள் மனசு கஷ்டப்படும்" என்றார்கள் பெற்றோரில் சிலர். கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் சிலரோ, "அடிமைகளை வைத்திருந்தவன் வீட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் ஏன் போக வேண்டும்?" என்றார்கள்.

இரண்டு பேச்சிலும் அக்கறை இருக்கிறது. ஆனாலும் எங்கள் கருத்து வேறு. அந்த வீட்டுக்குப் போக வேண்டும். போனால் முன்வாசலோடு திரும்பி வரக்கூடாது, பின்பக்கம் வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். பாதி வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அமெரிக்காவின் தொடக்கத்தைப் பற்றிப் பாதிதான் தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த வீட்டுக்காரரைப் பற்றி. ஜார்ஜ் மேசன் 1725-இல் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தார். தகப்பன் போடோமாக் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிப்போனார். மேசன் வக்கீலுக்குப் படிக்கவில்லை. ஆனால் சட்டப் புத்தகங்களை அவ்வளவு படித்திருந்ததால், படித்த வக்கீல்களே அவரிடம் யோசனை கேட்டார்கள். கவுட் என்ற மூட்டுவலி அவரை ஆயுள் முழுவதும் வாட்டியது. பதவி என்றாலே ஒதுங்குகிற மனிதர். அவர் கட்டிய கன்ஸ்டன் ஹால் 1759 வாக்கில் முடிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அது பிரமாண்டமான மாளிகை அல்ல. செங்கல் சுவர், மூலைகளில் வெளிர் நிற மணற்கல், சரிவான கூரைக்குள் அடங்கிய ஒரு மாடி. உள்ளே போனபிறகுதான் நம் கண் விரியும். வாசல்களின் மேலும் சன்னல்களைச் சுற்றியும் அவ்வளவு நுணுக்கமான மரவேலை. ஓர் அறை முழுவதும் அந்நாளில் இங்கிலாந்தில் பிரபலமாயிருந்த சீனப் பாணியில் செய்திருக்கிறார்கள். இந்த உள்வேலையைத் திட்டமிட்டவர் வில்லியம் பக்லண்ட். 1755-இல் இங்கிலாந்திலிருந்து 4 வருஷ ஒப்பந்தக் கூலியாக வந்த இளம் தச்சர் அவர். காலம் முடிந்ததும் மேசன் அந்த ஒப்பந்தக் கடுதாசியின் பின்பக்கத்திலேயே நற்சான்று எழுதிக் கொடுத்தார். பக்லண்ட் பிற்பாடு பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஆனார். இந்தத் தச்சரின் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது.

இந்த வீட்டில் வாழ்ந்தவர் எழுதிய ஒரு காகிதத்தால்தான் வீடு முக்கியமாகிறது. 1776 ஜூன் 12 அன்று வில்லியம்ஸ்பர்க் நகரில் கூடிய வர்ஜீனியா மாநாடு ஓர் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் வரைவைப் பெரும்பாலும் எழுதியவர் மேசன். எல்லா மனிதரும் இயல்பிலேயே ஒரேவிதமாகச் சுதந்தரமுள்ளவர்கள் என்பது அதன் முதல் பிரிவின் சாரம். அமெரிக்கச் சுதந்தரப் பிரகடனம் வெளிவந்ததோ 3 வாரம் கழித்து, ஜூலை 4 அன்று. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற ஜெபர்சனின் வார்த்தைகளுக்கு முன்னால் மேசனின் வார்த்தைகள் இருந்தன. பத்திரிகைச் சுதந்தரம், ஜூரி விசாரணை, ஒருவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற விதி, கொடூரமான தண்டனைக்குத் தடை, இவையெல்லாம் அந்தப் பிரகடனத்தில் உண்டு.

பதினொரு வருஷம் கழித்து, 1787-இல், பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதக் கூடினார்கள். மேசன் அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து விவாதித்தார். செப்டம்பர் 17 அன்று எல்லாரும் கையெழுத்துப் போட்டபோது, அங்கே இருந்துகொண்டே போட மறுத்தவர்கள் 3 பேர். எட்மண்ட் ராண்டால்ப், எல்பிரிட்ஜ் கெர்ரி, ஜார்ஜ் மேசன். மேசனின் முதல் ஆட்சேபம், அந்தச் சாசனத்தில் உரிமைப் பிரகடனம் இல்லை என்பது. இந்தப் பிடிவாதத்தினால் பக்கத்து ஊர்க்காரரும் நெடுநாள் நண்பருமான ஜார்ஜ் வாஷிங்டனின் நட்பு கசந்துபோனது. ஆனால் 1791 டிசம்பரில் முதல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. குடியுரிமைத் தேர்வுக்காக நம் அம்மாக்கள் சமையலறையில் கேள்வித்தாளை ஒட்டிவைத்துப் படிக்கிறார்களே, அதில் வருகிற பில் ஆஃப் ரைட்ஸ் இதுதான்.

நமக்கு இதில் இன்னும் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. அந்நாளில் வர்ஜீனியாவில் இங்கிலாந்து திருச்சபைதான் அரசாங்கச் சபை. எந்தச் சபைக்குப் போகிறவரும் அதற்கு வரி கட்டியாக வேண்டும். கன்ஸ்டன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கிற போஹிக் ஆலயம் 1774-இல் கட்டி முடிந்தது. அந்தத் திருச்சபை வட்டாரத்தின் கமிட்டியில் மேசனும் இருந்தார், வாஷிங்டனும் இருந்தார். அதே வருஷங்களில் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார்கள் என்று பாப்டிஸ்ட் பிரசங்கிமார் பலரைச் சிறையில் போட்டார்கள். கல்பெப்பர் ஊர்ச் சிறையில் ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர் சன்னல் கம்பி வழியாகவே வெளியில் நின்ற ஜனங்களுக்குப் பிரசங்கித்தார். பக்கத்துக் கவுண்டியில் இப்படிப் பலர் சிறையில் கிடப்பதைக் கேட்டு, ஜேம்ஸ் மேடிசன் என்ற இளைஞர் 1774-இல் தன் நண்பருக்கு மனம் கொதித்து எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த மேடிசன் அதே வில்லியம்ஸ்பர்க் மாநாட்டுக்கு வந்தார். வயது 25. மேசனின் வரைவில், பிற சபையார் விஷயத்தில் மிகுந்த சகிப்பைக் காட்ட வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தது. மேடிசனுக்கு அது போதவில்லை. சகித்துக்கொள்வது என்றால், கொடுக்கிறவர் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளவும் முடியும் அல்லவா? எல்லாருக்கும் தங்கள் மனச்சாட்சிப்படி வழிபட உரிமை உண்டு என்று மாற்றக் கேட்டார். மாநாடு ஏற்றுக்கொண்டது. ஞாயிறு பிற்பகலில் வாடகை ஆலயத்தில் நாம் தமிழில் பாடி ஆராதிக்கிறோம். யாரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்பதில்லை. அந்த 16-ஆம் பிரிவில் மாற்றிய வார்த்தைகளுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. வாலிபரே, ஒரு 25 வயதுப் பையன் பெரியவரின் வரைவில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னார், பெரியவர்கள் கேட்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதுவரைக்கும் எழுதியது முன்வாசல். இத்தோடு திரும்பினால் எல்லாருக்கும் சந்தோஷம். இனி பின்பக்கம்.

மேசன் அந்தக் கவுண்டியிலேயே மிக அதிக அடிமைகளை வைத்திருந்தவர்களில் ஒருவர். புகையிலையும் கோதுமையும் விளைவித்தவர்கள் அவர்கள். சமைத்தவர்கள், துவைத்தவர்கள், விறகு வெட்டியவர்கள் அவர்கள். மேசனின் மகன் ஜான், தன் வயதான காலத்தில் சிறுபிள்ளை நாட்களை நினைத்து எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. தச்சர், கொல்லர், மரம் அறுப்போர், பீப்பாய் செய்வோர், தோல் பதனிடுவோர், செருப்புத் தைப்போர், நூல் நூற்போர், நெசவாளர் என்று அந்தப் பண்ணையில் இருந்த அடிமைத் தொழிலாளிகளை அவர் வரிசையாகச் சொல்கிறார். வெளியிலிருந்து வாங்க வேண்டியது அவ்வளவு குறைவாக இருந்ததாம்.

அந்தக் குறிப்பில் நாங்கள் நின்றுபோன இடம் ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்த அடிமைக் குடும்பங்கள் பலகையும் கட்டையும் அடுக்கிய வீடுகளில் வாழ்ந்தார்கள். அந்தச் சின்னக் குடியிருப்புக்குக் கட்டை ஊர் என்று பொருள்படும் பெயரே இருந்தது. மேசனின் சொந்தப் பணியாள் ஜேம்ஸ் என்பவரும் அவர் குடும்பமும் அங்கேதான் இருந்தார்கள். அந்தக் குடியிருப்பு எங்கே இருந்தது தெரியுமா? மரங்களுக்குள், வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத தூரத்தில். கூப்பிட்டால் வந்து நிற்கிற அளவுக்குப் பக்கம், பார்த்தால் தெரியாத அளவுக்கு மறைவு.

எல்லா மனிதரும் சுதந்தரமானவர்கள் என்ற வார்த்தை 1776-இல் மாநாட்டுக்கு வந்தபோதே சிலர் பயந்தார்கள். அப்படியானால் நம் அடிமைகளும் கேட்பார்களே என்றார்கள். அதனால் ஒரு சிறு தொடரை நுழைத்தார்கள். மனிதர் சமுதாயமாகச் சேரும்போது இந்த உரிமைகளை இழப்பதில்லை என்ற கருத்தில் அது அமைந்தது. அடிமைகள் நம் சமுதாயத்தில் சேர்ந்தவர்கள் அல்ல, ஆகவே இது அவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிக்கொள்ள அது வசதியாயிற்று. ஒரு தொடர் ஆயிரமாயிரம் பேரை வெளியே நிறுத்தியது.

மேசனுக்கு இது தவறு என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். 1787 ஆகஸ்ட் 22 அன்று பிலடெல்பியாவில் அவர் அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் பேசியதை மேடிசன் குறித்து வைத்திருக்கிறார். அடிமையை வைத்திருக்கிற ஒவ்வொருவனும் ஒரு சின்னக் கொடுங்கோலனாக ஆகிவிடுகிறான் என்ற கருத்தில் பேசினார். இது தேசத்தின்மேல் தேவனுடைய நியாயத்தீர்ப்பைக் கொண்டுவரும் என்றார். தேசங்களுக்கு மறுமையில் தண்டனை கொடுக்க முடியாது, ஆகவே இம்மையிலேயே வரும் என்றார். நம் போதகர்கள் பிரசங்க பீடத்தில் சொன்னால் நாம் ஆமென் சொல்லுகிற வார்த்தைகள் இவை.

ஆனால் அடுத்த வருஷமே, வர்ஜீனியாவில் அந்தச் சாசனத்தை ஏற்பதா என்ற விவாதத்தில், மேசன் இன்னொன்றும் சொன்னார். அடிமை வியாபாரத்தை 20 வருஷம் நீட்டிக்க விட்டது தவறு என்றார். அதே மூச்சில், ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற அடிமைகள் என்ற சொத்துக்குச் சாசனத்தில் பாதுகாப்பில்லை என்றும் குறை சொன்னார். 1773-இல் அவர் எழுதிய உயிலில் நிலத்தையும் பணத்தையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டதுபோல அடிமைகளையும் பேர்சொல்லிப் பங்கிட்டார். 1792-இல் அவர் மரிக்கும் வரைக்கும் அவர்களை விடுதலை செய்யவில்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் சொல்வார்கள், "அந்தக் காலம் அப்படி. இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கக்கூடாது" என்று. நாங்களும் அப்படியே நினைத்து விட்டுவிடலாம். ஆனால் அதே காலத்தில், அதே வர்ஜீனியாவில் வேறு மாதிரி செய்தவர்கள் இருந்தார்கள். 1782-இல் வர்ஜீனியாவின் சட்டம் மாறி, அடிமைகளை வைத்திருப்பவர் தாமே முன்வந்து விடுதலை செய்ய வழி திறந்தது. ஆகவே சட்டம் தடுத்தது என்று சொல்ல முடியாது.

நோமினி ஹால் என்ற பெரிய பண்ணையின் சொந்தக்காரர் மூன்றாம் ராபர்ட் கார்ட்டர். மேசனைவிடப் பணக்காரக் குடும்பம். 1778-இல் அவர் அரசாங்கச் சபையை விட்டு பாப்டிஸ்ட் ஞானஸ்நானம் பெற்றார். கறுப்பினத்தாரும் அங்கத்தினராக இருந்த சபைகளில் அவர்களோடு சேர்ந்து ஆராதித்தார். 1791-இல், பில் ஆஃப் ரைட்ஸ் நிறைவேறிய அதே வருஷத்தில், ஒரு தானப்பத்திரம் எழுதினார். 450 பேருக்கு மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுதலை செய்கிற பத்திரம் அது. அக்கம்பக்கத்தார் கோபப்பட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. பிற்பாடு பால்டிமோர் நகருக்குக் குடிபோனார். ஜார்ஜ் வாஷிங்டனும் 1799-இல் எழுதிய உயிலில், தனக்குச் சொந்தமான அடிமைகளுக்குத் தன் மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலை என்று எழுதினார். அது தாமதம்தான், ஆனால் எழுதினார்.

கார்ட்டரின் வீடு 1850-இல் எரிந்துபோனது. போய்ப் பார்க்க இன்று அங்கே அந்த மாளிகை இல்லை. மேசனின் வீடு நிற்கிறது, அதற்கு வருஷம் முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். நின்றுபோன வீட்டை மட்டும் வைத்து வரலாற்றைப் படித்தால், அந்தக் காலத்தில் எல்லாரும் மேசனைப் போலத்தான் இருந்தார்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதனால்தான் கன்ஸ்டன் ஹாலுக்குப் போகிற பஸ்ஸிலேயே கார்ட்டரின் கதையையும் சொல்ல வேண்டும் என்கிறோம்.

இனி, நர்ஸ் வேலை பார்க்கிற எங்களுக்கு அந்த வீட்டில் மிகவும் உறைத்த பகுதியைச் சொல்கிறோம். நம் சபையில் நர்ஸ் இல்லாத குடும்பம் குறைவு, ஆகவே உங்களுக்கும் புரியும்.

மேசனின் மனைவி ஆன். 1750-இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 16 வயது. 12 பிள்ளைகள் பெற்றார், 9 பேர் வளர்ந்து ஆளானார்கள். பிள்ளைகளைக் கண்டிக்க ஒரு சின்னப் பச்சைச் சவுக்கு வைத்திருந்தார், அதற்குப் பிள்ளைகள் "பச்சை டாக்டர்" என்று பேர் வைத்திருந்தார்கள் என்று ஜான் எழுதுகிறார். நம் அம்மாக்களின் கரண்டிக்காம்பு ஞாபகம் வந்து எல்லாரும் சிரித்தோம். ஆனால் 1772-இல் ஆன் படுக்கையில் விழுந்தார். அந்த டிசம்பரில் இரட்டைப் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்து மரித்துப்போயின. 1773 மார்ச் 9 அன்று விடியுமுன் ஆன் மரித்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒன்பது மாதத்துக்கும் மேலாகத் துன்பப்பட்டார் என்று மேசன் தன் குடும்ப வேதாகமத்தில் தன் கையால் எழுதி வைத்தார். கலியாணம், பிள்ளைகளின் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எல்லாம் அந்த வேதாகமத்தில் இருக்கின்றன. அதன்பின் பல வருஷம், தாயில்லாப் பிள்ளைகளை விட்டு வர முடியாது என்று மேசன் பெரிய பதவிகளை மறுத்திருக்கிறார். அந்த மனிதரின் துக்கம் பொய்யல்ல.

ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். ஈரத் துணி மாற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டால் எழுந்து கொடுக்க வேண்டும். காய்ச்சல் வேர்வையில் நனைந்த படுக்கைவிரிப்பைத் துவைக்க வேண்டும். அத்தனை அடிமைகள் இருந்த ஒரு வீட்டில் இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை எங்களுக்குப் பழகியது. செய்தவர்களின் பேர் அந்த வேதாகமப் பக்கத்தில் இல்லை.

ஆன் மரித்த 11-ஆம் நாள், மார்ச் 20 அன்று, மேசன் உயில் எழுதினார். அடிமைப் பெண்களின் பேர்கள் அங்கே வருகின்றன. எந்த மகளுக்கு யார் என்ற பங்கீட்டில் வருகின்றன. ஒரே மாதம், ஒரே கையெழுத்து, இரண்டு காகிதம். ஒன்றில் பேர் வந்தவர்கள் குடும்பம், இன்னொன்றில் பேர் வந்தவர்கள் சொத்து. எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித்தருவார்கள், நோயாளிக்குச் செய்ததைச் சார்ட்டில் எழுதாவிட்டால் செய்ததாகவே கணக்கில்லை என்று. வரலாறும் பல நேரம் அப்படித்தான் நடந்திருக்கிறது. எழுதாதவர்கள் இருந்ததாகவே கணக்கில்லை. இன்று அந்த அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர்கள் கடிதம், உயில், வரிக்கணக்கு என்று தேடி அந்தப் பேர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பேர்களைக் கேட்பதற்காகவே போகலாம்.

பிள்ளைகள் மனசு கஷ்டப்படும் என்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு பள்ளியில் தாவீது கோலியாத்தை ஜெயித்த கதையைச் சொல்கிறோம். கொஞ்சம் வளர்ந்ததும் உரியாவுக்குத் தாவீது செய்ததையும் சொல்கிறோம். வேதம் அதை மறைக்கவில்லை, நாமும் மறைப்பதில்லை. பிள்ளைகள் விசுவாசத்தை விட்டு ஓடிப்போகவில்லையே. அப்படியிருக்க அமெரிக்கப் பெரியவர்களின் கதையை மட்டும் ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்? அதுவும் இங்கே பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள்? கட்டை ஊர்களில் வாழ்ந்தவர்களின் சந்ததியார் பக்கத்தில். எங்கள் வார்டில் எங்களோடு நைட் டியூட்டி பார்க்கிற அக்காமாரில் பலர் அந்தச் சந்ததியார். இந்த நாட்டுக்கு வந்த நமக்கு முதல்முதல் வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதை தெரியாமல் வளர்வது நம் பிள்ளைகளுக்கு நஷ்டம்.

ஏன் போக வேண்டும் என்று கேட்ட தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த வீட்டை மேசன் குடும்பம் மட்டும் கட்டவில்லை. சமையல்கட்டு, துவைக்கிற இடம், வயல் எல்லாவற்றிலும் உழைத்தவர்களின் இடமும் அதுதான். நாம் போகாவிட்டால் அவர்களையும் சேர்த்தே பார்க்க மறுக்கிறோம். இன்னொன்று. மேசன் எழுதிய வார்த்தைகளை அவர் வெளியே நிறுத்தியவர்களே பிற்பாடு கையில் எடுத்தார்கள். நூறு வருஷம், இருநூறு வருஷம், அந்த உரிமைகள் எங்களுக்கும்தான் என்று நீதிமன்றத்திலும் தெருவிலும் கேட்டார்கள். அவர்கள் நடந்து திறந்த வழியில்தான் 1965-க்குப்பின் நம்மைப் போன்ற ஆசிய தேசத்தார் இங்கே வர முடிந்தது. குடியேற்றச் சட்டம் மாறிய அந்த 1965-தான் கறுப்பினத்தாரின் வாக்குரிமைச் சட்டம் வந்த வருஷமும். எழுதியவர் உயிலில் செய்யாததை, அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் செய்தார்கள். வார்த்தையைத் தூக்கி எறிந்திருந்தால் எதைக் காட்டிக் கேட்டிருப்பார்கள்?

ஆகவே போகிற குடும்பங்களுக்கு எங்கள் யோசனை இது. வீட்டுக்குள் பார்க்கும் நேரம் அளவுக்கு வெளியே சமையல்கட்டிலும் துவைக்கிற இடத்திலும் செலவிடுங்கள். வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்த அறையை யார் கூட்டினார்கள்? அவர்கள் எங்கே தூங்கினார்கள்? அவர்களில் யார் பேராவது தெரியுமா? கேட்டால் அவர்கள் சந்தோஷமாகவே சொல்கிறார்கள். திரும்பும் வழியில் போஹிக் ஆலயத்தையும் பாருங்கள். இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. மேசனுக்கும் வாஷிங்டனுக்கும் அங்கே குடும்ப இருக்கைகள் இருந்தன. அங்கே உட்கார்ந்து, எல்லாரும் சுதந்தரர் என்று எழுதிய மனிதர் ஆராதனை முடிந்து எந்த வீட்டுக்குத் திரும்பினார் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

மேசனைப் போலவே நம் வீடுகளிலும் குடும்ப வேதாகமம் இருக்கிறது. முன்பக்கத்தில் தாத்தா பாட்டி கலியாணத் தேதி, பிள்ளைகளின் ஞானஸ்நானம், யார் எப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பது, எல்லாம் மையில் எழுதியிருக்கும். ஊரில் இருந்த நாட்களில் நம் தாத்தா பாட்டி நோயாகக் கிடந்தபோது ராத்திரி விழித்திருந்து துடைத்துவிட்டது யார்? நம் பெற்றோரை இடுப்பில் தூக்கி வளர்த்த ஆயாம்மா யார்? அவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், எந்த டம்ளரில் காப்பி குடித்தார்கள்? இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது கேளுங்கள், வாலிபரே. பெரியவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்போதே கேளுங்கள். பேர் கிடைத்தால் அந்த வேதாகமத்தின் முன்பக்கத்தில், குடும்பப் பேர்களோடு சேர்த்து, எழுதி வையுங்கள்.